வடக்கு வேலி

எங்கள் வீட்டில் தண்ணீரைக் குடிக்குமுன் மணந்து பார்ப்போம். அப்பா முதலில் மணப்பார், பிறகு கிளாசை வெயிலுக்கு உயர்த்திப் பார்ப்பார், கடைசியில் வடக்கு வேலியைப் பார்ப்பார். வேலிக்கு அப்பால் பெரியப்பா வீட்டுக் கக்கூஸ்.

"மணக்குது" என்பார். மிச்சத்தை வேலிதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு ஓர் அக்கா, ஒரு தங்கை. ஒரே காணியை வடக்கிலிருந்து தெற்காக மூன்று துண்டாக்கி மூவருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். நடுத்துண்டு எங்களுடையது. வீடு கட்டும்போது மூன்று குடும்பமும் சாத்திரம் தவறவில்லை. கிணறு வடகிழக்கு மூலையில், கக்கூஸ் தென்மேற்கு மூலையில். முழுக்காணிக்கு அது சரிதான். ஒடுங்கிய துண்டுகளில், ஒவ்வொரு அக்காவின் கக்கூஸ் முடிகிற இடத்துக்குக் கிட்டவும் அடுத்த தங்கையின் கிணறு தொடங்கியது. நிலத்தடி நீர் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அன்று நான் சின்னப்பெடியன். எனக்குத் தெரிந்த ஒரே குற்றவாளி பெரியப்பா.

இன்று என்னையே அதட்டுகிற தங்கச்சி அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு வயிற்றோட்டம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் தேறுவாள், வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தொடங்கும். முகத்தில் கண் மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்ரை பிள்ளையைச் சகலன்ரை கக்கூஸ் தின்னுது" என்றார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவளுக்கு விலக்கு. தெற்கு வீட்டுச் சின்னம்மா, தன் கிணற்றில் அள்ளி, துணியால் வடித்து, தினமும் ஒரு குடம் கொண்டுவந்து வைப்பார். கொதிக்கவைத்துக் கொடுக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "நல்ல தண்ணியை ஏன் காய்ச்சுவான்?" என்றார் அம்மா.

அப்படியும் தங்கச்சி தேறவில்லை. அப்பா முறைப்பாடு செய்தார். தண்ணீர் சோதிக்க ஓர் இளம் பெண் பொறியியலாளர் சாயப் போத்தலோடு வந்தார். அதைக் கக்கூஸ் குழியில் ஊற்றினால், அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் ஓடி, எந்தக் கிணற்றுக்குப் போகிறதோ அந்தக் கிணறு பச்சையாகும் என்றார். அப்பா உடனே வடக்கு வேலியைக் காட்டினார்.

"எல்லாத்திலையும் ஒரே நாளிலை ஊத்தினா எந்தப் பச்சை ஆரின்ரை குழியிலையிருந்து வந்தது எண்டு தெரியாது ஐயா. முதல் உங்கடையிலை தொடங்குவம்."

"என்ரையிலையோ? களவெடுத்தவன் அங்கால நிக்க, களவு குடுத்தவனைச் சோதிக்கிறியளோ? ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது, உவரோ?"

வேலிக்கு மேலால் பெரியப்பாவின் தலை எழும்பியது. "ஊத்து பிள்ளை, வடிவா ஊத்து! உவர் மணக்குது மணக்குது எண்டுறது உவற்றை குழிதானோ எண்டு பாப்பம்."

எங்கள் குழியில் மட்டும் ஊற்றினார்கள். அதன்பின் அப்பாவுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் கிணற்றில் அள்ளிய ஒவ்வொரு வாளியையும் உயரத் தூக்கி வேலிக்கு அப்பால் காட்டினார். ஒரு சொட்டுப் பச்சை இல்லை. தன் குழி நிரபராதி என்பதில் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

ஒரு காலை சின்னம்மா வழக்கம்போல் குடத்தோடு வந்தார். ஆனால் உள்ளே கொண்டுபோகவில்லை, முற்றத்திலேயே இறக்கினார். குடத்துத் தண்ணீர் இளம்பச்சையாக மினுங்கியது.

"அத்தான், உங்கடை கிணறும் இப்பிடியோ?"

நான் ஓடிப்போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த கல்கூடத் தெரிந்தது. "எங்கடை கிணறு நல்ல கிணறு! சின்னம்மாவின்ரைதான் பச்சை!" என்று வடக்கு வேலிக்கும் கேட்கும்படி கத்திக் குதித்தேன்.

யாரும் என்னோடு சேர்ந்து குதிக்கவில்லை. அம்மா தங்கச்சியின் வாயிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கினார். சின்னம்மா குடத்தின் விளிம்பில் கை வைத்தபடியே நின்றார். வேலிக்கு மேலால் எழும்பிய பெரியப்பாவின் தலை மெல்லக் கீழே இறங்கியது.

அப்பா அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. எங்கள் கக்கூஸைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பிறகு முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டார். வென்ற மனுசன் ஏன் இப்படி இருக்கிறார் என்று நான் கிட்டப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.