சிமெண்டுத் தரையில் ஓர் இடது கால்

எனக்குப் பேய், பிசாசு, கண்ணேறு எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. விடியாத இருட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பால் வெட்டப் போனவள் நான், ஒன்றையும் பார்த்ததில்லை. படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாலும் சரி.

என் தங்கை செல்லம்மா புக்கிட் ரோத்தானில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை வீடு, ஒரு அறையும் அடுப்படியும். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பத்தாங் பெர்ஜுந்தாயில் மகன் வீட்டு ஹாலில்தான் பாய் போட்டுப் படுக்கிறேன். "பின்வீட்டுக்கு வந்துரு அக்கா, ரெண்டு பேரும் ஒண்ணா கெடப்போம்" என்று செல்லம்மா ஒருநாள் சொன்னாள். அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டே இரண்டு வருடம் அந்தப் பாயில் படுத்தேன். பிறகு ராவாங்கில் வேலை செய்யும் அவள் மகன், மின்மினிப்பூச்சி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அதை ஹோம்ஸ்டேயாக மாற்றலாம் என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள். எனக்குச் சொன்னதை மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை, என் குணம் அப்படி.

அதோடு விட்டாளா? "எனக்கு முட்டி வலிக்குதுக்கா, வேலக்காரங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்து நீ கொஞ்சம் பாத்துக்கயேன்" என்றாள். தினமும் காலையில் பஸ் ஏறிப் போனேன்.

முதல் நாள் தகரத்தைக் கழற்றினார்கள், மறுநாள் பலகைகளைப் பிடுங்கி லோரியில் ஏற்றினார்கள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், இடிந்தே கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் செங்கல் சுவர் எழும்பியது. பெரிய கண்ணாடி ஜன்னல் வந்தது. உட்காரும் கக்கூஸ் வந்தது, சுடுதண்ணீர்க் குழாய் வந்தது. யாரோ முகம் தெரியாத ஆட்கள் ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போக இவ்வளவா என்று வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேத்தண்ணியில் வேண்டுமென்றே சீனியைக் குறைத்தேன். மழை வந்தால் கூரை ஒழுகுகிறதா என்று ஆசையோடு முதலில் பார்ப்பதும் நான்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அறைக்குச் சிமெண்டுத் தரை போட்டு முடித்தார்கள். கண்ட்ராக்டர் மணியம் கதவைப் பூட்டி, என்னைத் தன் வண்டியில் ஏற்றி மகன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மனசால் அந்த அறைக்குள் இருந்தேன். ஜன்னலுக்கு நேராக நின்று, கட்டிலை இங்கே போடலாம், சாமிப்படத்தை அங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மணியம் பூட்டைத் திறந்தார். நான் தேத்தண்ணிக் கேத்தலோடு அவர் பின்னால் நின்றேன். காய்ந்து இறுகிய தரையில், ஜன்னலுக்கு நேராக, ஒரே ஒரு காலடி. இடது கால், வெறுங்கால். அது வரைக்கும் நடந்து போன தடமும் இல்லை, திரும்பி வந்த தடமும் இல்லை.

"எந்தச் சனியன்லா இது, ஈரத்துல பறந்து போயா மிதிச்சிச்சி?" என்று மணியம் குனிந்து பார்த்தார். "அட, வெரலு நாலுதான் இருக்கு. சின்ன வெரலக் காணோம்!"

எனக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. தோட்டத்தில் மம்பட்டி வெட்டிப் போனது. வேலை நடக்கும் இடம் என்று எப்போதும் காலில் ரப்பர் சப்பாத்து போட்டிருப்பேன், அதனால் மணியத்துக்குத் தெரியாது. செல்லம்மாவுக்குத் தெரியும். அவள் நொண்டிக்கொண்டு வந்து அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் காலை மட்டும் பார்க்கவே இல்லை.

"பெரியம்மாவ நானேதான் வீட்டுல எறக்கிவிட்டேன், இல்லாட்டி அவங்களத்தான் பிடிச்சிருப்பேன்" என்று மணியம் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"யாரு கண்ணோ பட்டுருச்சிக்கா" என்றாள் செல்லம்மா. "மூத்தவ நீயே சுத்திப் போட்டுடு. காலடி மண்ணு வேணும்ல, இதையே சொரண்டி எடுத்துக்க."

யார் கண் பட்டதோ அவர்கள் மிதித்த மண்ணை மிளகாய், உப்பு, கடுகோடு சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் வழக்கம். உளியால் அந்தத் தடத்தைச் சுரண்டினேன். ஒவ்வொரு சுரண்டலுக்கும் சப்பாத்துக்குள் என் உள்ளங்கால் கூசியது. வீட்டை மூன்று சுற்று சுற்றி வந்து, கரி போட்ட பால்டின்னில் எல்லாவற்றையும் கொட்டினேன். இருபது மிளகாயாவது இருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவருக்கும் இருமல் வரவில்லை. கண் பட்டிருந்தால்தான் அப்படி நெடி இல்லாமல் எரியும் என்பார்கள். எனக்கு மட்டும் இடது கால் நெருப்பை மிதித்த மாதிரி காந்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

செல்லம்மா புகையைப் பார்த்தபடியே சொன்னாள், "யாரா இருந்தாலும் என் மேல அவங்களுக்கு வருத்தம் இருக்கும்தானே. ஆளு வராத நாள்ல நீ இங்க வந்து படுத்துக்கக்கா."

ஆள் வராத நாளில். நான் டின்னில் இருந்த கரியைக் கிளறிவிட்டேன்.

மறுவாரம் அந்தத் தரைமேல் டைல்ஸ் ஒட்டினார்கள், சுவருக்கு நீலச் சாயம் அடித்தார்கள். இப்போது வாராவாரம் ஆள் வருகிறது. செல்லம்மா போன் போட்டுக் கூப்பிடுகிறாள், நான் இன்னும் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் நான் குளித்துவிட்டு வந்தபோது, ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி தரையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஏன் ஒத்தக் கால்லயே குதிச்சி வந்தீங்க?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். பாத்ரூம் வாசலில் இருந்து வரிசையாக வலது காலின் ஈரம் மட்டும்தான் இருந்தது. இடது கால் நனைந்து சொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஊன்றித்தான் நடந்தேன். மறுபடி நனைத்து அழுத்தி வைத்தும் பார்த்தேன். தரை காய்ந்தே கிடந்தது.

பிள்ளைக்கு என்ன சொல்வது? துணியை எடுத்து, இருந்த வலது காலடிகளையும் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து குளித்தால் உள்ளேயே நின்று கால் காய்ந்த பிறகுதான் வெளியே வருகிறேன்.