தைல மரத் தேனும் ஆறு சங்கும்

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேன் எடுப்பதைப் பார்க்கப் போன இடத்தில் நான் தலையில் போட்டிருந்தது என் கல்யாண நெட், அதாவது கோயிலில் தாலி கட்டும்போது மணப்பெண் தலையில் போடுகிற வெள்ளை வலைத்துணி. தேனீ கொட்டாமல் இருக்க முகத்துக்கு வலை வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் வலைக்குப் பஞ்சமில்லை, எல்லாம் மீன்வலை. அதன் கண் வழியாகத் தேனீ என்ன, கோழிக்குஞ்சே நுழைந்துவிடும். அதனால் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையோடு நெட்டை எடுத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் அதைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றபோது, மாப்பிள்ளை எங்கே என்று தேனீக்களே தேடியிருக்கும்.

போனது 1977 பிறந்த சமயம். கிறிஸ்துமஸ் பலகாரம் தீர்ந்துபோய், பொங்கல் இன்னும் வராத நாட்கள். போகக் காரணம் என் தம்பி அந்தோணி.

அந்தோணி சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, சங்கு மட்டும் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்துக்கொண்டிருப்பது அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். தன் தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் அவன் கண்ணயர மாட்டான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அந்தோணியின் மச்சான் துபாய்க்குப் போய்விட்டான். கொஞ்ச நாளில் ஆழத்துத் தண்ணீர் அழுத்தி இவனுக்கு ஒரு காதுச் சவ்வும் உடைந்தது. வேறு ஆள் கையில் கயிற்றைக் கொடுக்க மனசு வராமல், மார்த்தாண்டம் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் பத்துத் தேனீப் பெட்டி வாங்கினான். குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரம் உள்ள தைல மரத் தோப்பில் காவல் வேலையும் கிடைத்தது. பெட்டிகளை அங்கே வைத்து, பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி எஸ்தாக்கி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். முதல் தேன் எடுக்கும்போது ஒரு மண்ணெண்ணெய் டின் வாய் முட்ட நிறைய வேண்டும். நிறைந்தால் இங்கேயே பிழைக்கலாம். நிறையாவிட்டால் பொங்கல் கழிந்ததும் அவள் அண்ணன் கூப்பிடுகிற துபாய்க்கு அவன் கிளம்ப வேண்டும். தேனீ இரைகிற சத்தத்தை வைத்து உலை வைக்க முடியாது அல்லவா? அவள் சொன்னதில் தப்பில்லை. நான் வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

தூத்துக்குடியில் காலை ஐந்தரை வண்டியைப் பிடியுங்கள். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். உப்பளம் தாண்டும்போது அம்பாரம் அம்பாரமாய் உப்பு அந்த அரை இருட்டில் வெள்ளையாய்த் தெரிந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. தூக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றினார்கள். நனைந்த கட்டு ஒன்றை என் காலடியில் வைத்துவிட்டு, கால் படாமல் உட்காரும்படி கண்டக்டர் சொன்னார். அப்படியானால் காலைக் கழற்றி மேலே வைக்கட்டுமா என்று கேட்டேன். லக்கேஜ் சார்ஜ் ஆகும் என்றார். கெட்டிக்காரர்.

திருச்செந்தூரில் வண்டி மாறிக் குலசேகரன்பட்டினம் பதினான்கு கிலோமீட்டர். அங்கிருந்து தோப்புக்கு மாட்டு வண்டி. வண்டிக்கார அண்ணாச்சி மூன்று ரூபாய் கேட்டு இரண்டுக்கு ஒத்துக்கொண்டார். எங்கே போகிறேன் என்று விசாரித்தார், சொன்னேன்.

"சங்கு குளிக்கிறவுகள்லாம் மரத்துல ஏறிட்டாவளோ?" என்றார்.

"கடல்ல தண்ணி வத்திட்டு அண்ணாச்சி. உங்களுக்குத் தாக்கல் வரலியா?" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிக் கடல் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

தேரி ஆரம்பித்ததும் பேச்சு தானாக நின்றுபோனது. செக்கச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக, அலை அப்படியே உறைந்துபோன மாதிரி. அதன் மேல் மார்கழிப் பனி பால் ஆடை போலப் படிந்திருந்தது. முள் அடர்ந்த உடை மரங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றன. அதற்கு அப்பால் தைல மரங்கள், வெளுத்த உடம்போடு வரிசையாய். வண்டியை விட்டு இறங்கினால் மூக்குக்குள் குளிர்ந்த தைல வாசனை. மேலே பார்த்தால் பூ. இதழே கிடையாது, வெறும் வெள்ளை நூல்தான். காற்று அடிக்காமலே அந்த நூல் உதிர்ந்து நெட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு 'ம்ம்ம்' என்ற சத்தம். கடலா, தேனீயா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் மண்டைக்குள்ளேயே கேட்பது போல ஆகிவிட்டது. மரத்தில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன் என்று எஸ்தாக்கி சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பனி விலகி வெயில் ஏறினால்தான் தேனீ வெளியே கிளம்பும். பாதி ஈ பூவுக்குப் போன பிறகு பெட்டியைத் திறப்பது நல்லது. பெட்டிகள் கம்புக் கால்களில் நிற்கும். எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைக்குள் இருக்கும்.

அந்தோணி வந்தான். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனை பத்தடி தள்ளி நின்ற எஸ்தாக்கியின் கையில்.

"ஏலே, ஓடியா போயிருவே? எதுக்குக் கட்டிப் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

மனுஷர் மூச்சு மேலே பட்டால் தேனீக்குக் கோபம் வருமாம். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறக்கிறான். கண்ணைத் தேனடையிலேயே வைத்திருப்பதால் பின்னால் வழி தெரியாது. மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான், அவள் இழுப்பாள், இவன் பின்னாலேயே நடந்து வந்து மூச்சு விடுவான். கடலில் செய்ததை அப்படியே கரையில் செய்கிறான். மற்றவர்கள் தேங்காயின் மேல் நாரான கதம்பையைக் கொளுத்திப் புகை போடுவார்கள். இவனோ புகை வாசம் தேனில் ஏறிவிடும் என்று கொஞ்சம்தான் போட்டான்.

கேலி செய்ய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவன் மூடியைத் தூக்கி, உடையாத காதையும் நம்பாமல், உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்து இரைச்சலைத் தொட்டுப் பார்த்தான். அதைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டேன். தேனீ அவன் கை மேல் நடந்தது. அவன் தண்ணீருக்கடியில் நடக்கிறவன் போல மெதுவாக, அடை கட்டிய மரச்சட்டத்தை எடுத்தான். எஸ்தாக்கியின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த விதம் இருக்கிறதே, அவள் அண்ணன் தோற்றான்.

மெழுகால் மூடியிருந்த அடைகளை மட்டும் எடுத்து, மூடியைச் சீவி, இரவல் வாங்கிய தேன் பிரிக்கும் டிரம்மில் போட்டுச் சுற்றினார்கள். நானும் சுற்றினேன், கை இன்னும் வலிக்கிறது. தேன் பழுப்பு நிறத்தில் கயிறு போல இறங்கியது. விரலில் தொட்டு நக்கினால் முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் லேசாய்த் தைலக் குளிர்ச்சி. பனியில் பாதி அடைத்திருந்த என் மூக்கு உடனே திறந்தது.

பத்தாவது பெட்டி முடிந்தது. டின்னில் இரண்டு விரற்கடை குறைந்தது.

மெழுகு மூடாத அடை இன்னும் இருந்தது. எடுத்தால் நிறைந்துவிடும் என்று நான்தான் மெல்லச் சொன்னேன்.

"அது பச்சத்தேனுக்கா. அதச் சேத்தா எல்லாம் புளிச்சிரும்" என்றான் அந்தோணி. டின்னைப் பார்க்காமல், காலிச் சட்டங்களைப் பெட்டியில் திரும்ப வைக்கப் போய்விட்டான். இந்தத் தடவை இடுப்பில் கயிறு இல்லை.

எஸ்தாக்கி டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடிசை வாசலுக்குப் போனாள். வாசலை மறைக்கிற ஓலைத்தட்டி காற்றில் அடிக்காமல் இருக்க ஆறு சங்கை அதன் அடியில் பாரமாக வைத்திருந்தார்கள், அவன் கடைசியாகக் குளித்து எடுத்தவை. அவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, முந்தானையால் துடைத்து, ஒவ்வொன்றாகத் தேனுக்குள் இறக்கினாள். சங்கு அவசரமில்லாமல் முங்கியது. உள்ளே இருந்த காற்று ஒரு பெரிய குமிழியாய் மேலே வந்து உடைந்தது. தேன் ஏறியது. ஆறாவது சங்குக்கு வாயைத் தொட்டு நின்றது.

நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன மதினி பாக்கீய? ரெண்டும் அவிய மூச்ச அடக்கி எடுத்ததுதான" என்றாள்.

அந்தோணி கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "நெறஞ்சிட்டோ?" என்றான். "நெறஞ்சிட்டு" என்றாள் அவள். அவன் டின்னைப் பார்த்தான். வாசலில் தட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தான். போய், ஒரு கல்லைத் தூக்கி வந்து தட்டிக்குப் பாரம் வைத்தான். அவ்வளவுதான். வாழ்க்கையிலேயே நான் கேலி செய்யாமல் விட்ட இரண்டாவது இடம் அது.

நீங்கள் போவதானால் மார்கழி, தை மாதங்களில் போங்கள், பூ அப்போதுதான் கொட்டும். தலையில் மல்லிகை வேண்டாம், சென்ட் வேண்டாம், கறுப்புச் சேலை வேண்டவே வேண்டாம். உடை முள் குத்தும், செருப்பு முக்கியம். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். உச்சி வெயிலில் தேரி மணலில் கால் வைக்காதீர்கள். திரும்பி வர, குலசேகரன்பட்டினத்தில் நாலு மணி வண்டி இருக்கிறது. மூச்சு அடக்கத் தெரியாதவர்கள் பெட்டிக்குப் பத்தடி தள்ளி, எஸ்தாக்கி பக்கத்தில் நில்லுங்கள். இழுக்க வேண்டிய நேரத்தில் அவள் இழுத்துவிடுவாள்.

தேனைப் பாட்டிலில் ஊற்றிய பிறகு ஒரு சங்கை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார்கள். வீட்டு வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். அதன் சுருளுக்குள் தேன் மிச்சம் இருந்திருக்கிறது, வெயிலுக்கு மெதுவாக இறங்கியிருக்கிறது. இப்போது கதவு, சங்கு, தரை மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருக்கின்றன. நாங்கள் பின்வாசல் வழியாகப் போய் வருகிறோம்.