அரை மார்க் குறைத்த வாக்கியம்

போன வெள்ளிக்கிழமை அக்டோபர் பரீட்சை ரிசல்ட் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் கோட்டைவிட்டவர்களைக் கரையேற்றுவதுதான் என் பிழைப்பு. இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். சங்கரன்கோவிலில் ஒரு நூல் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் டுடோரியல். சுற்றிலும் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் நடத்தியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. கரண்ட் போனால் தெருவே சட்டென்று ஓய்ந்துவிடும். நான் மட்டும் பழைய வேகத்தில் 'பாஸ்ட் டென்ஸ்' என்று அலறிக்கொண்டிருப்பேன். கீழே கடையில் சிரிப்பார்கள்.

ரிசல்ட் வந்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் முதலாளி நம்பர் நம்பராக டிக் அடித்தார். முக்கால்வாசிப் பேர் பாஸ். மனிதருக்கு வாயெல்லாம் பல். போஸ்டருக்கு என்ன கலர் பேப்பர் என்பது வரைக்கும் யோசித்துவிட்டார். திடீரென்று பென்சில் நின்றது.

"சார், கோமதி நம்பர் இல்லியே. அந்தப் பிள்ளை நல்லாப் படிக்குமே?"

பாஸான சந்தோஷத்தில் மிட்டாய் கொண்டுவந்திருந்த ஒரு பெண் சொன்னாள். "அந்தக்கா பரீட்சைக்கே வரலியே சார். எனக்கு முன்னால உள்ள இடம்தான். காலியாத்தான் கெடந்துச்சு."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது பெயில் கணக்குல வராதுல்லா சார்?"

அவர் கவலை அவருக்கு!

எனக்கு வந்த கோபம் வேறு. கோமதி என்பது நான் வைத்த பெயர். எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் இது பத்திரமான பெயர். வயது இருபத்தாறு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவன் லாரி டிரைவர். வீட்டுக்கு எப்போது வருவான் என்பது லோடைப் பொறுத்தது. மாமனார் நிலபுலம் உள்ள மனிதர். அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, பத்தாவது பாஸாக இருந்தால் மனுப் போடலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். மற்ற பாடமெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பாஸ். பாக்கி இங்கிலீஷ் ஒன்றுதான். "இது ஒண்ணு முடிஞ்சா எனக்குன்னு ஒரு வேலை சார்" என்று முதல் நாளே சொன்னாள். அந்த 'எனக்குன்னு' இன்னும் காதில் இருக்கிறது.

இப்படிப்பட்டவள் பரீட்சைக்கு வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? என்ன அலட்சியம்? நேரில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. விலாசம் வேண்டுமே... அலமாரியில் பழைய நோட்டுகளைத் துழாவினேன். கோமதியின் நோட்டு கிடைத்தது. அட்டையில் விலாசம் முத்து முத்தாக இருந்தது.

அத்தோடு மூடி வைத்திருக்கலாம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்த பயிற்சி. 'லெட்', அதாவது 'விடு', என்ற வினைச்சொல்லை வைத்து ஐந்து சொந்த வாக்கியம்.

இந்த 'லெட்' இருக்கிறதே, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தீராத வியாதி. 'லெட்'டை ஒட்டி 'டு' வரவே கூடாது, 'லெட் மீ டு கோ' என்றுதான் எழுதுவார்கள். அந்த 'டு'வை நான் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருக்கிறேன், அது முளைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அன்று, கைடைப் பார்க்காமல் சொந்தமாக எழுதுங்கள், அந்த 'டு' ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கோமதி எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்.

'மை ஃபாதர்-இன்-லா டஸ் நாட் லெட் மீ ரைட் தி எக்ஸாமினேஷன்.'

'ஹி டஸ் நாட் லெட் மீ டச் தி ஹால் டிக்கெட்.'

'மை ஹஸ்பண்ட் லெட்ஸ் ஹிஸ் ஃபாதர் டிசைட்.'

'ஐ வில் நாட் லெட் மை மதர் நோ திஸ்.'

'லெட் சார் கம் டு அவர் ஹவுஸ் அண்ட் டெல் தெம் ஒன்ஸ்.'

மாமனார் பரீட்சை எழுத விடவில்லை. ஹால் டிக்கெட்டைத் தொட விடவில்லை. கணவன் எல்லாவற்றையும் அப்பாவின் முடிவுக்கே விட்டுவிடுகிறான். அம்மாவுக்கு இது தெரிய விடமாட்டேன். சார் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லட்டும்.

ஐந்தையும் நான் திருத்தியிருக்கிறேன்! சிவப்பு மையில். முதல் நாலுக்கும் டிக். ஐந்தாவதில் 'சார்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தி டீச்சர்' என்று எழுதியிருக்கிறேன். எழுத்தில் 'சார்' என்று போடுவது மரியாதைக் குறைவு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. அதற்காக அரை மார்க் குறைத்து, நாலரை. கீழே 'குட்'.

வாசகர்களே, நான் குருடன் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனும் இல்லை. பின்னே எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். முப்பது நோட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து வாக்கியம். கண் நேராக 'லெட்' இருக்கும் இடத்துக்குப் போகும். பக்கத்தில் 'டு' இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் டிக். அடுத்த வரி. வாத்தியார்கள் எல்லோரும் இப்படித்தான் திருத்துகிறோம். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் நோட்டை எடுத்துப் பாருங்கள்.

அது மட்டும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவளுடைய முதல் வாக்கியத்தை நான் வகுப்பில் உரக்க வாசித்தேன். "இப்படி எழுதணும். ஒரு தப்பு சொல்லுங்க பாப்போம்" என்றேன். போர்டிலும் எழுதிப்போட்டேன். அத்தனை பேரும் அதை நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டார்கள். ஒருவன் பின்பெஞ்சிலிருந்து, "மாமனாரைப் போட்டதுதான் சார் டாப்பு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பாராட்டினால் கூச்சப்படுகிற பெண் என்று நினைத்தேன். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து அலமாரியில் வைத்ததும் நான்தான்.

ஏன், தமிழில் நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? இரண்டு நாளாக இதைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவள் தெருக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் காதில் விழுந்தால் பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் சங்கதி போய்ச் சேர்ந்துவிடும். தமிழில் சொன்னால் புகுந்த வீட்டைப் பற்றி வெளியாளிடம் குறை சொன்னதாக ஆகிவிடும். இங்கிலீஷில் எழுதினால் அது வெறும் ஹோம் வொர்க்.

அவள் நம்பியது சரிதான். யாருக்குமே தெரியவில்லை. எனக்கும் சேர்த்து!

யோசித்துப் பார்த்தால் நாம் இங்கிலீஷில் எப்போது உண்மை பேசியிருக்கிறோம்? லீவு லெட்டர் எழுதினால் எல்லோருக்கும் காய்ச்சல். காதுகுத்து வீட்டுக்குப் போனவனுக்கும் காய்ச்சல்தான். கட்டுரை எழுதச் சொன்னால், ஒற்றை அறையில் தறிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் 'எங்கள் வீட்டைச் சுற்றி அழகான தோட்டம் இருக்கிறது' என்று எழுதுவான். நாமும் டிக் அடிப்போம். பழகிப்போன பொய். இதற்கு நடுவில் ஒருத்தி ஐந்து உண்மையை எழுதிக் கொடுத்தால் எந்த வாத்தியாருக்கு உறைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கரிவலம் பஸ் ஏறினேன். திட்டுவதற்கென்று கிளம்பியவன் எதற்காகப் போகிறேன் என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தேன்.

மாமனாரை ஒரு முரடராகக் கற்பனை பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவரோ என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"வாங்க சார்வாள். வெயில்ல வந்திருக்கிய. டவுன் வாத்தியார்தான நீங்க? மருமவ சொல்லியிருக்கா." உள்ளே பார்த்து, "மோர் கொண்டாங்க" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, கோமதி பரீட்சைக்கு வரலியாமே. நல்லாப் படிக்கிற பிள்ளை..."

"நாந்தான் போவ வேண்டாம்னேன்" என்றார். மறைக்கிற மனிதர் இல்லை.

"ஏன் அண்ணாச்சி?"

"பரீட்சைச் சீட்டுன்னு ஒண்ணு தபால்ல வந்துச்சு. அதுல அவ அப்பன் பேரு போட்டிருக்கு. கல்யாணமாகி ஏழு வருசமாச்சு சார்வாள். இங்கனதான் இருக்கா, இங்கனதான் சாப்பிடுதா. சர்க்காருக்கு மட்டும் அவ இன்னமும் அப்பன் வீட்டுப் பிள்ளையா? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பான்? புருசன்கூட வாழலபோல, அப்பன் வீட்டோட போயிட்டா போலன்னு பேச மாட்டானா? எம் மவன் பேரு இல்லாத சீட்டை வச்சு எங்க வீட்டுப் பிள்ளை ஏன் பரீட்சை எழுதணும்?"

இவ்வளவுதான்! படிப்பு வேண்டாம் என்பதல்ல. வேலை வேண்டாம் என்பதும் அல்ல. ஒரு பெயர்.

"அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துல சேக்கும்போது குடுத்த பேருதான் கடைசி வரைக்கும் வரும். கல்யாணம் ஆனது அந்த ஆபீசுக்குத் தெரியாது. எல்லாப் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வருது."



"அப்படியா சங்கதி?" என்றார் மெதுவாக. "அவளும் இதத்தான் சொன்னா. அவ சோலி ஆவணும்னு சொல்லுதான்னு நினைச்சிட்டேன். விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து சொல்லணும்லா."

எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"பத்திரமாத்தான் வச்சிருக்கேன். ஒரு மடிப்பு விழல பாருங்க. மார்ச்சுல திரும்பவும் பரீட்சை உண்டுல்லா? இதையே கொண்டுபோய் எழுதட்டும். நீங்க இவ்வளவு தூரம் வந்து சொன்ன பொறவு மறுத்துப் பேசுவனா? நானே கூட்டிட்டு வாரேன்."

அது அந்த ஒரு பரீட்சைக்கு மட்டும்தான், மார்ச்சுக்குப் புதிதாகப் பணம் கட்டி வேறு வாங்க வேண்டும் என்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். போட்டோவில் கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜ கோமதி மோர் கொண்டுவந்து வைத்தாள். கதவோரம் நின்றாள். ஆள் இளைத்திருந்தாள்.

"சத்துணவு வேலை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஆளு போட்டுட்டாவ சார்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

"அதனால என்ன, இன்னொண்ணு வராமலா போயிரும்?" என்றார் மாமனார். எப்போது வரும்? அந்த ஊரில் இருப்பது ஒரே பள்ளிக்கூடம். வேலைக்கு வந்திருப்பவளுக்கு வயது இருபத்திரண்டாம். அவள் ரிட்டயர் ஆகும்போது கோமதிக்கு என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவர் விடவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எனக்கு மனசு கேக்கலை சார்வாள். பிள்ளை அன்னிக்கு ரெண்டு வேளை சாப்பிடலை. யாராவது ஒருத்தர் வந்து கேட்டா எடுத்துக் குடுத்திருவம்னு பரீட்சை அன்னிக்குக் காலையில வரைக்கும் வாசல்லதான் உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரலியே. இந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட ஒரு ஆளுகூடவா இல்ல?"

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடத்தான் செய்தேன், ஆள் இதோ உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனேன்?

மோர் நன்றாக இருக்கிறது என்றேன்.