நெடுந்தீவுக்குத் திரும்பிப் போனவள்

வகுப்பு நிறைந்த பிள்ளைகளின் முன்னால், சரியானதைச் சொன்ன ஒரு மாணவியின் வாயை அடைத்தேன். பிறகு அவள் செய்த வேலைக்கு வந்த நன்றியை நானே வாங்கிக்கொண்டேன்.

யுத்த நிறுத்தக் காலம் அது. நான் விரிவுரையாளர். எங்கள் பல்கலைக்கழகத்தின் 'மாணவத் தூதுவர்'களைத் தீவகப் பாடசாலைகளுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைகளுக்கு விடுதி வாழ்க்கை எப்படி, விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்று அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சனிக்கிழமை நெடுந்தீவுக்கு என்னோடு வந்தவள் அனலைதீவு மீனவர் ஒருவரின் மகள், இரண்டாம் வருட மாணவி. நான் படகின் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்க, அவள் நின்றபடியே குறிப்புகளை வாசித்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் அவள் எதையும் மினுக்கிச் சொல்லவில்லை.

"முதல் கிழமை அழுகை வரும். நானும் அழுதனான். அடுத்த கிழமை பக்கத்துக் கட்டில்காரி அழுதா. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் பேசவேண்டும் போலிருந்தது. எழுந்து, "விருப்பப் பாடநெறி மூண்டு எழுதினால் போதும். கனக்க எழுதினால் உறுதியில்லாத ஆள் எண்டு நினைப்பினம்" என்றேன்.

அவள் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "அப்பிடியில்லை, சேர். எழுதாமல் விட்டதைப் பிறகு கேக்க ஏலாது. கனக்க எழுதினால்தான் ஏதாவது ஒண்டு கிடைக்கும்" என்றாள்.

"நீர் இரும். எனக்குத் தெரியும்!" எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வீடு வந்து பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. விண்ணப்பங்கள் திங்கட்கிழமை தபாலில் சேரவேண்டும். பாடசாலை அதிபர் திருத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதிபரின் கடிதம் வந்தது. மறுநாளே அந்தப் பிள்ளையை மீண்டும் எங்களிடம் அனுப்பியதற்கு நன்றி என்றிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வளவில் உட்கார்ந்து, பதினொரு பேரின் விண்ணப்பங்களையும் அவள் ஒவ்வொன்றாக நிரப்புவித்தாளாம். நான் அவளை அனுப்பவேயில்லை. இருந்தும், 'எங்கள் கடமை' என்று பதில் எழுதினேன்.

ஒரு வருடம் கழித்துத்தான் அவளிடம் கேட்க மனம் வந்தது.

"ஏன் நான் அனுப்பினதெண்டு சொன்னனீர்?"

"சேர் பிழையாச் சொல்லிப்போட்டார் எண்டு நான் சொன்னால், பிறகு நாங்கள் சொல்லுற ஒண்டையும் அதுகள் நம்பாதுகள்."

அந்த முறை நெடுந்தீவுக்குப் போய், அதே வகுப்பில், அவளும் அதிபரும் இருக்க, நடந்ததை முழுவதும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள்.

"அப்ப சேர், இண்டைக்கு நீங்கள் சொல்லுறதை ஆர் திருத்துறது?"

வகுப்பே சிரித்தது. நான் பக்கத்தில் நின்ற என் மாணவியைக் காட்டினேன்.

அதன்பின் படிவக் கட்டைச் சுமப்பது என் வேலையாயிற்று. பேசுவது அவள். ஒவ்வொரு தடவையும் பேசி முடித்தபின் அவள் என் பக்கம் திரும்பி, "சரிதானே, சேர்?" என்று கேட்பாள். நான் கைநூலைத் திறந்து பார்த்துவிட்டே, "ஓம்" என்பேன்.