செபியோவின் நெஞ்சில் உட்கார்ந்தது யார்?

பெர்பெத்துவாவை ஊரில் எல்லோரும் பெத்தாங் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்தே புருஷன் செபியோவின் குறட்டை அவளுக்குப் பழகிப்போனது. கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு யாராவது எழுந்து உட்காருவார்களா? அப்படித்தான் அவளுக்கு அதுவும். அவளைக் கலங்கடித்தது குறட்டை நிற்கிற நேரம். இரைச்சல் சட்டென்று அறுந்துவிடும். செபியோவின் வயிறு மட்டும் மேலும் கீழுமாகத் தவிக்கும், மூச்சு வராது. உடனே அவன் கட்டைவிரலை அவள் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பெருவிரலைப் பிடித்துத் திருக வேண்டும். இலோக்கோஸ் பக்கத்தில் இது தெரியாத பெண்டாட்டி கிடையாது. கடித்ததும் மூச்சை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மறுபடியும் ஆரம்பித்துவிடுவான் மகராசன். பெத்தாங் உட்கார்ந்தபடியே விடியவைப்பாள். விடிந்தால் சந்தையில் சோமாசி மாதிரியான எம்பனாடா சுட்டு விற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு துரியாவுக்கு இதன் காரணம் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாத காரணம் உலகத்தில் ஏது?

"பெத்தாங், உங்க வீட்டு நடுத்தூண் எங்க வெட்டின மரம்?"

"இடுகாட்டுக்குப் பின்னாடி. ஏன் மனாங்?" மூத்தவள் என்பதால் துரியாவை மனாங், அதாவது அக்கா, என்பாள் பெத்தாங்.

"ஏனா! அந்த மரத்துல குடியிருந்த குண்டுப் பேய் எங்கடி போகும்? தூணோடயே உன் வீட்டுக்கு வந்துடுச்சு. ராத்திரியானா உன் புருஷன் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்குது. தூணை மாத்து."

மாற்றினார்கள். தெருவே திரண்டு வந்து வீட்டுக்கு முட்டுக் கொடுத்து, தூணைப் பிடுங்கி எரித்து, புதுசாக ஒன்றை நட்டது. அன்றிலிருந்து வாசல் கதவு சாத்த வரவில்லை. வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து செபியோவும் கரும்புக்கள்ளை வயிறு முட்டக் குடித்தான். அந்த ராத்திரி அவன் விட்ட குறட்டைக்கு நாய்கள் குரைத்தன. பேய்க்குப் புதுத் தூணும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது.

செபியோவுக்கு ஜீப்னி ஓட்டுவதுதான் பிழைப்பு. சந்தையிலிருந்து கடலோர மலைப்பாதை வழியாக ஆட்களையும் பூண்டு மூட்டைகளையும் ஏற்றிப் போவான். ஒரு மத்தியானம் பெத்தாங் காலிக் கூடையோடு முன் சீட்டில் இருந்தாள். கடலுக்கு மேலே இருக்கிற வளைவு வந்தது. வண்டி வளையவில்லை. திரும்பிப் பார்த்தால், ஐயோ, இவன் தலை நெஞ்சில் தொங்குகிறது! பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். வண்டி பாறையில் உரசி, ஒரு மூட்டையை ரோட்டில் உருட்டிவிட்டு நின்றது. பின்னால் ஜனங்கள் மாதாவைக் கூப்பிட்டு அலறினார்கள்.

"கண்ணு கூசிடுச்சு," என்றான் செபியோ.

அவள் சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "கூசட்டும். இனிமே இது என்கிட்டதான் இருக்கும்."

"அடியேய், குறட்டைக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா?" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே அவளோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். டாக்டர் தும்லாவ் சின்ன வயதுப் பெண். தூண் மாற்றிய கதையைக் கேட்டும் சிரிக்கவில்லை.

"நெஞ்சு மேல எதுவும் உக்காரலம்மா. தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தொய்ஞ்சு பின்னால விழுது. சந்து குறுகினா காத்து உரசி அந்தச் சதை அதிருது, அதான் குறட்டை. முழுசா அடைச்சுக்கிட்டா மூச்சே நிக்குது. மூளை பதறி எழுப்பிவிடுது. விடிய விடிய இப்படின்னா அவர் எங்க தூங்குறார்? அதான் பகல்ல சாமியாடுறார்."

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது சரிதான். ராத்திரி கள் கூடாது, எடை குறைய வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும், மூக்கில் மாஸ்க் மாட்டி நீளக் குழாய் வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் மெஷினும் வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் செபியோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் ஹவாயில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டாள்.

"இந்த வருஷம் சாக்லெட்டும் சோப்பும் அனுப்பினே, உன்னைத் தொலைச்சுடுவேன். உங்க மாமனுக்கு மூச்சு அனுப்பு."

மெஷின் வைத்த அட்டைப்பெட்டி கப்பலேறி வந்து சேர்ந்தது. டாக்டர் காற்றை அளவு வைத்துக் கொடுத்தாள். முதல் ராத்திரியே செபியோ மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தான். மறுநாள் துரியா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பேய் போயி யானை வந்துடுச்சாடி!" என்றாள். அவனுக்கு மானம் போய்விட்டது.

"ஒரு வாய் கள்ளும் கிடையாது, தும்பிக்கை வேற. இதுக்குச் செத்தே போகலாம்."

"செத்துப் போ! ஜீப்புல வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க? நான் என்ன பாவம் பண்ணேன்?" கத்தியவளுக்கு அழுகை முட்டியது. "நீ வேணும்யா எனக்கு. மாஸ்க் இல்லேன்னா சாவி இல்ல. அவ்வளவுதான்."

வாரக்கணக்கில் ஜீப்னி வாசலில் கிடந்தது. எம்பனாடா விற்ற காசில் சோறு வெந்தது. சும்மா உட்கார்ந்து தின்கிற கூச்சத்தில் செபியோ மாஸ்க்கை மாட்டினான், திட்டிக்கொண்டே. பிறகு ஒரு காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து, சீட்டியடித்துக்கொண்டு பூண்டு வதக்கிச் சோறு பிரட்டினான். தினமும் காலையில் வரும் தலைவலி இல்லை. பகலில் கண் சொருகவில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்றாள். பெத்தாங்தான் இன்னும் தூங்கவில்லை. வீடு அமைதியாக இருந்தால் அவளுக்கு நம்பிக்கை வராது, அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"ரோட்டைப் பாரு, என்னைப் பார்க்காதே," என்றான் செபியோ.

அவள் அவன் இமையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மலை ஏறியது வண்டி. கடலுக்கு மேலான வளைவு வந்தது. செபியோ கியர் மாற்றி அழகாக வளைத்தான். நேர்ப் பாதை வந்தது. கொஞ்ச தூரத்தில் அவன் தோளில் ஒரு கனம் விழுந்தது. பெத்தாங் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒருவர் இறங்குவதற்காகக் காசால் கம்பியைத் தட்டக் கையைத் தூக்கினார். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான் செபியோ.

"தட்டாதீங்க அண்ணே," என்றான் கிசுகிசுப்பாக. "மெதுவா சொல்லுங்க, நிறுத்துறேன். இவ தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."