டிக்கெட் அக்காவின் காசாபிளாங்கா தாள்

தூத்துக்குடியிலிருந்து யாராவது காசாபிளாங்காவுக்குப் போவதென்றால், விமான டிக்கெட்டோடு ஒரு தாளும் கைக்கு வந்துவிடும். கொடுப்பவர் சண்முகத்தாய். நீலப் பேனாவால் எழுதி நகலெடுத்த, இரண்டு பக்கமும் இடம் விடாமல் நிறைந்த தாள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே ஊர் பெயர், அப்புறம் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண் போட்டுக் குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் அதைக் கண்ணால் பார்த்து வந்தவரின் பெயர் இருக்கும். முதல் குறிப்புக்கு மட்டும் பெயர் கிடையாது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அவளிடம்தான் டிக்கெட் போடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததும் மக்ரூன் டப்பாவோடு கடைக்கு வந்து தலையைக் காட்டுவது வழக்கம். வந்தவன் சுலபத்தில் தப்ப முடியாது. புன்னைக்காயல் ரோச், கப்பலில் பிட்டர் வேலை பார்ப்பவன், ஒருமுறை அந்த நாற்காலியில் முழுதாக ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டான்.

"டாக்சி என்ன கலரு?"

"சேப்புக்கா. சின்ன வண்டி. மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டான். வழியில வேற ஆளையும் ஏத்திக்கிடுவான், சண்டைக்குப் போவக் கூடாது."

"மீட்டர் போடுவானா?"

"ஏறும்போதே கோம்ப்தர்னு சொல்லணும். சொன்னா போடுவான். ராத்திரி எட்டு மணிக்கு மேல பாதிக்குப் பாதி கூட."

"நீ பாத்தியா, யாரும் சொன்னாவளா?"

"நானே ஏறிப் போனேங்க்கா!"

"கண்ணால பாத்தத மட்டும் சொல்லு. சொல்லக் கேட்டதெல்லாம் என் தாள்ல ஏறாது."

இத்தனை கறாராகக் கேட்டவள் அதுவரை விமானப் படிக்கட்டில்கூடக் கால் வைத்ததில்லை. டிக்கெட் போடுகிறவள் கையில் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று எட்டு வருடத்துக்கு முன்னால் ஒன்று எடுத்தாள். அது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் சுகமாகப் படுத்திருந்தது.

போயிருக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடை திறந்த மூன்றாம் வருடம் ஒருவன், "அக்கா, நீங்க எத்தன தடவ போயிருக்கீய?" என்று கேட்டபோது, "அதெல்லாம் யாருப்பா எண்ணிக்கிட்டிருக்கா" என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஊர் அதை எடுத்து உருட்டி, இரண்டு தடவை என்றது, நான்கு என்றது, கடைசியில் ஏழு தடவை என்று முடிவு செய்துவிட்டது. ஏழு தடவை போன அக்கா தாளில் தன் பெயரை ஓர் இடத்திலும் போட்டுக்கொள்ளவில்லையே என்று அதையும் பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். சண்முகத்தாய் மறுக்கவில்லை. மறுக்க நினைத்த நாட்கள் உண்டு, ஆனால் அந்த நாட்களிலெல்லாம் கடையில் கூட்டம் இருந்தது.

எதிர்த்த கடை செண்பகத்தினுடையது. பிளவுஸ் தைப்பவள். மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டு, தைத்துக்கொண்டே சந்தில் போகிற வருகிறவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பாள். அவள் மகள் ஐஸ்வர்யா துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் கெமிஸ்ட். சரக்கு ஏறும் ஊரிலேயே மூன்று வாரம் பயிற்சி என்று அந்தப் பெண்ணைக் காசாபிளாங்காவுக்கு அனுப்ப முடிவானது. தங்குவதற்குக் கம்பெனி ஒரு சின்ன வீடும் பார்த்திருந்தது.

செண்பகம் கழுத்தில் டேப்போடு சந்தைக் கடந்து வந்தாள்.

"ஏளா சம்முவம், ஐஸு தனியாப் போக பயப்படுதா. நீ கூடப் போயி பத்து நாளு இருந்து பழக்கிட்டு வா. உனக்குத் தெரியாத ஊரா?"

அந்த நிமிடமே சண்முகத்தாய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செண்பகத்திடம் சொன்னால் சந்துக்கே சொன்ன மாதிரி. போகாத ஊருக்கு வழி எழுதியவள் என்று ஆகிவிட்டால் அப்புறம் அந்தத் தாளை யார் நம்புவார்கள்? முப்பது பேர் கண்ணால் பார்த்துச் சொன்னதும் அவளோடு சேர்ந்து பொய்யாகிவிடும். பதினொரு வருட உழைப்பு, பதினொரு வருட மரியாதை, இரண்டும் ஒரே தாளில் இருந்தன. "அதுக்கென்ன, போயிட்டு வந்தாப் போச்சு" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் கணவர் சங்கரபாண்டியன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "போயிட்டு வா. உன் தாளு சரிதானான்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்" என்றார்.

விமானத்தில் பெல்ட்டை எப்படிப் பூட்டுவது என்று பக்கத்து வரிசைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துப் பூட்டினாள். "சாப்பாடு எப்ப குடுப்பாவ அத்தை?" என்று ஐஸ்வர்யா கேட்டதற்கு, "குடுக்கும்போது குடுப்பாவ" என்று ரொம்பப் பழகியவள் போலச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சென்னை தாண்டி, துபாய் தாண்டி, காசாபிளாங்கா வரைக்கும் இப்படியே ஒப்பேற்றினாள். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியில்தான் சுங்க அதிகாரி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

காரணம் தாளின் முதல் குறிப்பு. 'குடியிருக்கப் போகும் வீட்டுக்குள் முதலில் உப்பு போக வேண்டும்.' தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பால் காய்ச்சுவதற்கு முன்னால், பாய் தலையணைக்கு முன்னால், உப்பு. யாரும் சொல்லாமல் சண்முகத்தாய் தானாக எழுதிய ஒரே குறிப்பு அதுதான். கப்பல்காரர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே கப்பலுக்கோ லாட்ஜுக்கோ போகிறவர்கள், வீடு எடுத்துத் தங்கியவர்கள் யாருமில்லை. அதனால் அதுவரை ஒருவரும் உப்பைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. இவள் முதன்முதலாகத் தூக்கினாள். அதுவும் பாக்கெட் உப்பெல்லாம் ஓர் உப்பா என்று, உப்பளத்திலிருந்தே இரண்டு கை அள்ளி, வெள்ளைத் துணியில் இறுக்கி முடிந்து, சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தாள்.

அதிகாரி முடிச்சை அவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று கற்கள். என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐஸ்வர்யாவுக்குப் பதற்றத்தில் உப்பு என்ற சாதாரணச் சொல் வாயில் வரவில்லை. "சோடியம் குளோரைடு" என்றாள். அதிகாரியின் புருவம் ஏறியது. அடுத்து அவள் கழுத்திலிருந்த ஆய்வக அடையாள அட்டையைப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். முடிச்சு ஒரு தட்டில் ஏறி உள்ளே போய்விட்டது.

"ஏட்டி, உப்புன்னு சொல்லாம அது என்னட்டி சொன்ன?"

"அதுதான் அத்தை உப்பு!"

அதிகாரி சண்முகத்தாயின் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் படம். பின்னால் இந்தப் பயணத்துக்கு விழுந்த முத்திரைகள், இந்த நாட்டு விசா. அதற்கப்புறம் கடைசி அட்டை வரைக்கும் வெள்ளை. நாட்டை விட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவையா என்று அவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். அந்த ஆங்கிலம் சண்முகத்தாய்க்கு நன்றாகவே புரிந்தது. ஐஸ்வர்யா பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசாங்க உடை போட்டவரிடம் பொய் சொல்லும் துணிச்சல் டிக்கெட் அக்காவுக்கு இல்லை.

"யெஸ் சார்" என்றாள்.

உப்பு திரும்பி வரும் வரைக்கும் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகத்தாய்க்கு அவமானம்தான், வேறொன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துச் செண்பகத்தின் போன் வந்தது. இதோ சொல்லப் போகிறாள், இன்று மாலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும் என்று சண்முகத்தாய் தரையைப் பார்த்தாள்.

"வந்து சேந்துட்டோம்மா. அத்தை கூடத்தான் இருக்காவ. ஒரு பயமும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள் ஐஸ்வர்யா. பிறகு திரும்பி, "ஏன் அத்தை சொல்லல?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சுளா. எல்லாரையும் அனுப்புதேன், நான் மட்டும் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருக்கேன். போயிருக்கீயளான்னு ஒருத்தன் கேட்டப்ப இல்லன்னு சொல்ல மனசு வரல."

ஐஸ்வர்யா பையைத் திறந்து துழாவினாள். கோபம் வந்திருந்தால் அதை அந்த நேரத்துக்குள் முடித்துக்கொண்டாள். தாளையும் பென்சிலையும் வெளியே எடுத்தாள்.

"முப்பத்தொண்ணுல ஒண்ணு தப்பு. மிச்சம் முப்பது இருக்குல்லா. வாங்க, ஒண்ணொண்ணா பாத்துருவோம்."

தட்டு திரும்பி வந்தது. உப்பு உப்புதான் என்று நிரூபணமாகி, பிளாஸ்டிக் பையில் ஒட்டி மூடி, மரியாதையாக வந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். வீட்டுக் கதவைத் திறந்ததும் சண்முகத்தாய் ஐஸ்வர்யாவின் கையில் அதைக் கொடுத்துத்தான் முதலில் உள்ளே அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வந்த பத்து நாட்களும் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். விமான நிலையத்திலிருந்து ரயில் உண்டு, துறைமுகத்தின் பெயர் வைத்த ஸ்டேஷன் என்று ஏமாந்துவிடாமல் காசா வாயாஜர் ஸ்டேஷனில் இறங்கவும் என்ற நான்காம் குறிப்பு சரி. கோம்ப்தர் என்றதும் டாக்சிக்காரர் மீட்டரைத் தட்டினார். ஜன்னலோரம் சிரித்த சண்முகத்தாய் புன்னைக்காயல் இருக்கும் திசை எதுவென்று தெரியாமலே ரோச்சை வாழ்த்தினாள். கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டால் நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் நன்றி என்பதற்கு 'லா ஷுக்ரன்' என்று சொல்லி நடக்கவும், சரி. வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் அடைத்துவிடும், அன்று ஏழு காய்கறி போட்ட கூஸ்கூஸ் கிடைக்கும், சரி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கடலோரப் பெரிய பள்ளிவாசலுக்குள் மற்ற மதத்தார் டிக்கெட் எடுத்து, வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான் போகலாம், சரி. கடற்காற்றுதானே என்று இளக்காரமாக நினைக்காமல் ஸ்வெட்டர் எடுத்துப் போகவும், நூற்றுக்கு நூறு சரி. பழைய நகரத்துச் சந்துகளில் நடந்தபோது காயல்பட்டினத்துத் தெருக்கள் நினைவுக்கு வந்தன. அங்கே போலவே இங்கேயும் பின்னால் இருசக்கர வண்டி வந்துகொண்டேயிருக்கும். யாராவது 'பாலக்' என்று கத்தினால் சுவரோடு ஒதுங்கவும் என்று இருபத்திரண்டாம் குறிப்பு சொன்னது, ஒதுங்கினார்கள்.

பதினான்காம் குறிப்பில்தான் சறுக்கியது. 'மூலைக்கு மூலை நல்ல காபிக் கடை' என்று எழுதியிருந்தது. நல்ல கடைதான், ஆனால் தெருவைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். இருவரும் வாசலிலேயே தயங்கித் திரும்பினார்கள். நடந்துகொண்டிருந்த சண்முகத்தாய் திடீரென்று நின்றாள்.

"ஏட்டி ஐஸு, இதுவரைக்கும் எனக்குச் சொன்னவன் பூராவும் ஆம்பளை!"

அன்றிலிருந்து அவள் கேட்க ஆரம்பித்தாள். ஜூஸ் கடை நடத்தும் பெண்ணிடம், ஐஸ்வர்யாவின் ஆய்வகத் தோழியிடம், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், கை ஜாடையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் விடாமல் கேட்டாள். காபிக் கடைக்குப் பதில் பால், பழச்சாறு விற்கும் கடைகளில் பெண்கள் நிம்மதியாக உட்காரலாம். கழிப்பறைக்குச் சில்லறையும் காகிதமும் பையிலேயே இருக்கட்டும். டிராமில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளவும். தாளின் ஓரமெல்லாம் நிறைந்து, குறிப்புகள் முப்பத்தெட்டாயின.

பதினோராம் நாள் தனியாகவே விமானம் ஏறி, தனியாகவே விமானம் மாறி, ஊர் வந்து சேர்ந்தாள். பெட்டியை வீட்டில் போட்டதும் நேராகச் செண்பகத்தின் கடைக்குப் போனாள். ஐஸ்வர்யா இன்னும் சொல்லவில்லை என்று தெரியும். அதற்காகவே தானே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

செண்பகம் மிஷினை நிறுத்தவில்லை. பிளவுஸ் கையின் ஓரத்தை மடித்துத் தைத்து, நூலைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏளா, பதினோரு வருசமா உன் கடையப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாளு உன் ஷட்டர் மூடிக் கிடந்து நான் பாக்கல. எப்பப் போயி ஏழு தடவ காசாபிளாங்கா பாத்துட்டு வந்த? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயா?"

"தெரிஞ்சுமா பிள்ளைய என் கூட அனுப்புன?"

"ஒண்ணு விடாம கேட்டுத் தெரிஞ்சுக்கிடுதவ கூட இருந்தா போதும்னு அனுப்புனேன்" என்ற செண்பகம் அடுத்த துணியை எடுத்து விரித்தாள். "பொறவு, ஊருக்கெல்லாம் நீ டிக்கெட் போடுத. உனக்கு யாரு போடுவா?"

சண்முகத்தாய் அழுதுவிட்டாள். வெட்கப்படாமல், தையல் கடை வாசலில் நின்று, சந்தில் போகிறவர்கள் பார்க்க அழுதாள். செண்பகம் ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டி, லைனிங் துணி, மூக்கைச் சிந்திவிடாதே என்றாள்.

அன்றைக்கு ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகப் புதிய தாள் எழுதினாள். பிள்ளையார் சுழி, ஊர் பெயர், முதல் குறிப்பு. 'வீட்டுக்குள் முதலில் உப்பு. ஆனால் கடையில் வாங்கிய பாக்கெட்டாக, பிரிக்காமல் கொண்டு போகவும். கேட்டால் உப்பு என்று மட்டும் சொல்லவும்.' கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த வரியின் கடைசியில், பெயர் எழுதும் இடத்தில், சண்முகத்தாய் என்று எழுதினாள்.