நித்திரையில் கொடுத்த லீவு

என் தங்கையின் கணவருக்கு மூன்று மோட்டர் படகுகள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. தொழில் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நாள் முதல் அந்தப் படகுகளில் எனக்கு இலவசப் பயணம். அதற்குப் பதிலாக மச்சான் ஒன்றை மட்டுமே எதிர்பார்த்தார். வேலை செய்கிறவர்கள் எதையாவது கேட்டு வந்தால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நான் சொல்லிவிட வேண்டும். வேலைக்காலம் முழுவதும் முதலாளிகளையும் தொழிலாளிகளையும் ஒரே மேசையில் இருத்தி, இரு தரப்பும் என்னைத் திட்டிக்கொண்டு வீடு போவதைப் பார்த்தவன் நான். இலவசப் பயணத்துக்காக அந்தப் பெருமையை விட்டுவிட மனம் வரவில்லை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தணிந்த காலத்தில் படகோட்டிகள் கேட்டே விட்டார்கள். கிழமையில் ஒரு நாள், முறை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓய்வு. அவ்வளவுதான். கேட்டவர் மூத்த ஓட்டி. ஏன் கேட்கிறார் என்பதை எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"ஐயா, போன வெள்ளிக்கிழமை சுக்கானைப் பிடிச்சபடியே கண் அயந்திட்டன். முழிச்சுப் பாக்கிறன், படகுப் பாதையிலை நட்ட ஆழங்காட்டுற கம்பைத் தாண்டி வெளியாலை போட்டுது படகு. சனம் கோயில் கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிக்குது. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நான்தான் கரைக்கு வந்த உடனை தலையிலை ஒரு வாளி தண்ணி ஊத்தினன்."

மச்சானோ, மத்தியானம் சோறு தின்றதும் சாய்மனைக் கதிரையில் விழுந்து, வெயில் தாழும்வரை எழும்பாதவர்.

முதல் பேச்சுவார்த்தை தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் ஓட்டிகள், தலைமாட்டில் நான்.

"கிழமையிலை ஒரு நாளோ?" என்றார் மச்சான். "நாள் முழுக்கக் கடல்காத்து வாங்குறவங்களுக்கு ஓய்வு வேறையோ?"

"அப்ப முதலாளியும் ஒரு நாள் வந்து வாங்குங்கோவன்," என்றார் மூத்த ஓட்டி.

"எட, எனக்கு உங்களிலை கோவமே? நான் ஓமெண்டால் மற்றப் படகுக்காரர் என்னைத் துறையிலை நிக்க விடுவாங்களோ? 'இளகின ஆள், இவனாலைதான் எங்கடையளும் கேக்குதுகள்' எண்டு நாறடிச்சுப்போடுவாங்கள்."

ஓட்டிகள் வெளிநடப்புச் செய்வதென்று எழும்பினார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து 'போறன்' என்று சொல்லிப் புறப்படுவது தரித்திரம். ஆகவே கோபத்தோடு, ஒரே குரலில், "அப்ப போட்டு வாறம்" என்றார்கள். மச்சானும் பழக்கதோஷத்தில் "ஓம், வாங்கோ" என்றார். கொழும்பில் நான் கண்ட வெளிநடப்புகளில் கதிரைகள் பறந்திருக்கின்றன. இதில் தங்கை எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

இதற்குப் பிறகுதான், படகு வரும்வரை தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது, மூத்த ஓட்டிக்கு நனவிலி மனம் பற்றி ஒரு விரிவுரை செய்தேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவனுக்கு அதைக் கேட்க ஆள் கிடைப்பது அரிது. நாம் அறிந்த மனம் படகின் மேல்தட்டு மாதிரி என்றேன். எஞ்சின் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் ஓடுகிறது. விழிப்பில் நாம் அமுக்கி வைப்பதெல்லாம் கனவாகவும் மறதியாகவும் நித்திரைப் பேச்சாகவும் மேலே வந்துவிடும்.

அவர் வானிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நித்திரையிலை வாற கதை பொய்யா இராதோ?" என்றார்.

"பொய் சொல்லுறது முழிப்பிலை இருக்கிற மனத்தின்ரை வேலை," என்று நான் தீர்ப்பளித்தேன்.

இரண்டொரு நாளில் தங்கையிடமிருந்து தொலைபேசி.

"அண்ணை, உவர் மத்தியான நித்திரையிலை கதைச்சவர்."

"என்ன கதைச்சவர்?"

"'சரி சரி, கிழமையிலை ஒரு நாள் எடுங்கோ, என்னைப் படுக்க விடுங்கோ' எண்டு. நல்ல வடிவாச் சொன்னவர்."

"நீ மட்டுமோ கேட்டனி?"

"இல்லை அண்ணை, படகுக்குச் சாப்பாட்டுக் கரியர் எடுக்க மூத்த ஓட்டி வந்து நிண்டவர். கண்ணாலை தண்ணி வந்திட்டுது மனுசனுக்கு."

முதலாளி இணங்கிவிட்டார் என்ற செய்தி அன்றைய கடைசிப் படகுக்கு முன்னே துறை முழுவதும் பரவியது. மறுநாள் மறுபடியும் அதே மேசை.

"நித்திரையிலை சொன்னது செல்லுமோ மச்சான்? நீர் சட்டத்தைச் சொல்லும்," என்று மச்சான் என்னைக் கேட்டார்.

நான் நேர்மையாக யோசித்தேன். மிரட்டி வாங்கிய சம்மதம் செல்லாது. குடிவெறியில் கொடுத்த சம்மதம் செல்லாது என்று வாதாடலாம். நித்திரை பற்றி எனக்குத் தெரிந்த எந்த விதியும் இல்லை. என் அனுபவமோ எதிர்ப்பக்கம் நின்றது. என் கண் முன்னால் நீண்ட கூட்டங்களின் முடிவில் அரைத் தூக்கத்தில் கையொப்பமிட்ட முதலாளிமார் எத்தனையோ பேர். அந்த உடன்படிக்கைகள் எல்லாம் செல்லுபடியாகித்தான் இருந்தன.

"ஐயாவே சொன்னவர், பொய் முழிப்பிலைதான் எண்டு," என்று மூத்த ஓட்டி என்னைச் சாட்சிக்கு இழுத்தார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் என் இலவசப் பயணம் ஆட்டங்கண்டது.

அப்போது குசினி வாசலில் நின்ற தங்கை வாய் திறந்தாள்.

"அது மட்டுமே? 'ஞாயிற்றுக்கிழமையிலை நீயும் சமைக்க வேண்டாம், கடையிலை எடுப்பம்' எண்டும் சொன்னனீங்கள்."

"பொய்! உதை நான் சொல்லவே இல்லை!" என்று மச்சான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

நித்திரையில் தான் எதைச் சொன்னேன் என்பது தெரியாத மனிதருக்கு, எதைச் சொல்லவில்லை என்பது இவ்வளவு திட்டமாக எப்படித் தெரியும்? கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்தது. ஓட்டிகள் எல்லோரும் தங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குள் எதையோ தேடினார்கள். மூத்த ஓட்டியின் உதடு மட்டும் ஒரு பக்கம் கோணியது. ஒரு மனிதர் இளகவும் வேண்டும், இளகினதாகப் பெயர் எடுக்கவும் கூடாது என்றால், சாய்மனைக் கதிரையை விட்டால் அவருக்கு வேறு இடம் ஏது? சமரசம் செய்கிறவனுக்கு முதல் தகுதி கண்டதைக் காணாமல் விடுவது. விட்டேன்.

மச்சான் மெல்லக் கதிரையில் இருந்தார். "சரி. நித்திரையிலை எண்டாலும் வாய் என்ரைதானே. ஒரு நாள் எடுங்கோ. மச்சான், மற்றப் படகுக்காரருக்கு நீர்தான் சொல்ல வேணும், சட்டம் அப்பிடி எண்டு."

சொன்னேன். எந்தச் சட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, அதற்குப் பிறகு குறிகட்டுவானில் படகு வைத்திருக்கும் எவரும் ஓட்டிகள் நடமாடும் நேரத்தில் மத்தியானம் கண் மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பற்றிய கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

மூத்த ஓட்டியின் முதல் ஓய்வு நாள் வந்தது. அன்று காலை நான் துறைக்குப் போனபோது அவரும் அங்கே நின்றார், மடித்துக் கட்டிய சாரத்தோடு. "என்னெண்டு வந்தனானோ தெரியாது ஐயா. கால் கொண்டு வந்திட்டுது," என்றார். நான் என் விரிவுரையின் அடுத்த பகுதியைத் தொடங்குவதற்குள் படகில் ஏறி, பயணிகளோடு பயணியாகப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்க்கும் முன்பே தலை சரிந்துவிட்டது. நயினாதீவில் சனம் இறங்கியது, புதுச் சனம் ஏறியது. அவர் அசையவில்லை. திரும்பி வந்தோம். மீண்டும் போக ஆயத்தமானபோதும் வாய் பிளந்தபடி அதே இடத்தில் கிடந்தார். வேறொருவர் பிடித்த சுக்கானில் படகு கம்புகளுக்கு நடுவே ஒழுங்காகத்தான் போய்வந்தது.

"ஐயா, உவருக்கு ரிக்கற் வெட்டுறதோ?" என்று பயணச்சீட்டு வெட்டுகிறவர் என்னைக் கேட்டார். ஓய்வு நாளில் தான் ஓட்டும் படகில் நித்திரை கொள்ளும் ஓட்டி பயணியா, ஊழியனா? உடன்படிக்கையில் அதற்கு இடம் வைக்க நான் மறந்திருந்தேன். எழுப்பிக் கேட்பதுதான் முறை என்றேன்.

கரையில் நின்ற மச்சான் பாய்ந்து வந்தார்.

"ஆளை எழுப்பாதேங்கோ! எழும்பினால் வேறை ஏதும் கேப்பான்."